"எனக்கு வராது"ன்னே சொல்ற பொண்ணுக்கு எந்த மாதிரி படக்கதை புக் வாங்கலாம்?

மீனா_மதுரை:
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு நாலரை வயசு, எல்கேஜி படிக்கிறா. எதை கொடுத்தாலும் "எனக்கு வராதும்மா"ன்னு ஒதுங்கிடுறா, பட்டன் போடுறது, கத்தரிக்கோல்ல பேப்பர் வெட்டுறது எல்லாத்துக்கும் இதே தான், கலர் அடிக்கும்போது கோட்டை தாண்டி கொஞ்சம் போயிட்டா க்ரேயானை அப்படியே போட்டுட்டு எழுந்து போயிடுவா. சத்தம் போட்டா இன்னும் சுருங்கிடுறா. ஆனா படம் போட்ட புக்னா உயிர். அதனால புக் வழியாவே கொஞ்சம் தைரியம், தப்பா போனா மறுபடி பண்ணலாங்கிற எண்ணம் இதெல்லாம் கொண்டு வர முடியுமான்னு பாக்குறேன். வீட்ல இருக்கிறதெல்லாம் முயல் ஆமை, நரி காக்கா தான், கடைசில "நீதி"ன்னு கட்டம் கட்டி போட்டிருக்கும், அதை வாசிச்சா தலையாட்டுறா, அவ்ளோதான். எந்த மாதிரி புக் பாக்கணும், எப்படி படிச்சு காட்டணும், சொல்லுங்க ப்ளீஸ்.

பாலர்வகுப்பு_டீச்சர்:
மீனா, மொதல்ல அந்த நீதி கட்டத்தை வாசிக்காம விட்ருங்க. கதை முடிஞ்சதும் "இதுல இருந்து என்ன தெரியுது"ன்னு கேட்டா பிள்ளைங்க நமக்கு புடிச்ச பதிலை சொல்லிட்டு போயிடுங்க. கதை நடுவுல, படத்துல நிறுத்துங்க. என் வகுப்புல சைக்கிள் கத்துக்கிற பையன் விழுந்து கிடக்குற படம் வந்துச்சு, நான் பக்கத்தை திருப்பாம "இவன் இப்ப என்ன நெனைக்கிறான்?"னு மட்டும் கேட்டேன். ஒரு வாண்டு படத்துகிட்ட வந்து அவன் முட்டியை தடவி பாத்துட்டு, "அழுவுறான், ஆனா சைக்கிளை விடல பாருங்க மிஸ்"னுச்சு. ஹேண்டில்பார்ல அவன் ஒரு கை இருந்ததை அது தான் கண்டுபிடிச்சுது. நாம வாயால சொல்லி புரிய வெக்கிறதை விட இது எவ்வளவோ மேல். அதனால புக் வாங்கும்போது மூஞ்சில உணர்ச்சி தெளிவா தெரியுற படமா, எழுத்து கம்மியா இருக்கிறதா பாருங்க. ஒரே புக்கை திரும்ப திரும்ப கேட்டா சலிச்சுக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு கவனிப்பா.

அகில்_அப்பா:
டீச்சர் சொன்னதோட இன்னொண்ணு. டொரன்டோ யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 4லேருந்து 6 வயசு பிள்ளைங்களுக்கு பகிர்ந்துக்கிறதை பத்தின ஒரே கதையை சிலருக்கு மனுஷங்க வர்ற மாதிரியும் சிலருக்கு சட்டை போட்ட மிருகங்க வர்ற மாதிரியும் படிச்சு காட்டிட்டு, அவங்க ஸ்டிக்கரை அடுத்தவங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறாங்கன்னு பாத்தாங்க. மனுஷங்க கதை கேட்டவங்க தான் முன்னைவிட அதிகமா கொடுத்தாங்க. 2014ல அதே ஊர்ல வந்த இன்னொரு ஆய்வுல, பொய் சொன்னவன் மாட்டிக்கிற "புலி வருது" வகை கதையை விட, உண்மையை சொன்ன பையனை அப்பா பாராட்டுற கதை தான் பிள்ளைங்களை உண்மை பேச வெச்சுதுன்னு தெரிஞ்சுது. அதனால உங்க பொண்ணு மாதிரியே ஒரு குட்டி, வீட்ல, ஸ்கூல்ல எதையோ முயற்சி பண்ணுற கதையா தேடுங்க, கெட்டவனுக்கு தண்டனை கிடைக்கிற கதை இதுக்கு உதவாது.

ராஜி_பாட்டி:
ஆராய்ச்சி சரிதான் தம்பி, ஆனா அதுக்காக நரியையும் யானையையும் வீட்டை விட்டு துரத்திடாதீங்க. பிள்ளை சிரிச்சு சிரிச்சு கேக்குற கதையும் வேணும், எல்லா புக்கும் பாடம் நடத்த ஆரம்பிச்சா புக்கே புடிக்காம போயிடும். மீனாம்மா, மதுரை தானே, புது நத்தம் ரோட்ல 2023ல திறந்தாங்களே கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்க குழந்தைங்களுக்குன்னு தனி பிரிவே இருக்கு, கூட்டிட்டு போய் அவளையே எடுக்க விடுங்க. அவ கை எந்த புக்குக்கு போகுதுன்னு பாத்தாலே உங்களுக்கு பாதி புரிஞ்சிடும்.

மீனா_மதுரை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நூலகத்துக்கு இந்த ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டு போறேன் பாட்டி. ஒரு சந்தேகம், கதை படிச்சதும் அவளா ஒண்ணு முயற்சி பண்ணா உடனே "நீ புத்திசாலிடா செல்லம்"னு சொல்லி ஊக்கப்படுத்தலாம்ல?

பாலர்வகுப்பு_டீச்சர்:
அதை மட்டும் கொஞ்சம் மாத்தி சொல்லுங்க மீனா. 1998ல முல்லர், டுவெக்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் அஞ்சாம் வகுப்பு பிள்ளைங்களை வெச்சு பண்ண ஆய்வு இருக்கு, "நீ கெட்டிக்காரன்"னு பாராட்டப்பட்டவங்க அடுத்து கஷ்டமான புதிர்ல தடுக்கி விழுந்ததும் சீக்கிரம் துவண்டுட்டாங்க, "நல்லா முயற்சி பண்ணே"ன்னு கேட்டவங்க விடாம பண்ணாங்க. உங்க பொண்ணு பட்டன் போட்டா "மேல் பட்டன் வரல, விட்டுட்டு கீழ இருந்து ஆரம்பிச்சே பாத்தியா"ன்னு அவ பண்ணதை அப்படியே சொல்லுங்க. புக்குக்கு பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் சைட்ல தமிழ்ல லெவல் 1 (எழுத்து கம்மியா இருக்கிற, எளிசான புக்குங்க) போட்டு தேடுங்க, காசு கிடையாது, டவுன்லோட் பண்ணி பிரின்ட் எடுத்துக்கலாம். போன்ல காட்டாதீங்க, பேப்பர்ல கொடுத்தா அவளே பக்கத்தை திருப்புவா, அந்த சைக்கிள் பையன் மாதிரி படம் வந்தா அவளா நிறுத்துவா.