வாரந்தோறும் ஓட்டியும் 62.5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாயில் கரும்பிசுக்கு வடிவது ஏன்?

சங்கச்செயலாளர் எழுதியது:

வணக்கம். சென்னையின் தென்புறநகரில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், தரைத்தள வாகன நிறுத்தத்தின் ஓரமாக, 62.5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் ஒன்று ஒலித்தடுப்புக் கூண்டுடன் நிறுவப்பட்டுள்ளது. லிஃப்ட், 5 குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார்கள் இரண்டு, பொது விளக்குகள் ஆகியவை மட்டுமே அதில் இணைக்கப்பட்டுள்ளன. மின்தடை இப்போது அதிகம் இல்லாததால், எஞ்சின் பழுதாகிவிடக் கூடாது என்று வாரம் ஒருமுறை பத்து நிமிடம், லோடு எதுவும் கொடுக்காமல் (அதாவது மின்சாரம் இழுக்கும் கருவி எதையும் இயக்காமல்) காவலாளி ஓட்டி நிறுத்துகிறார்.

சில மாதங்களாகப் புகைக்குழாய் இணைப்பில் தார் போன்ற பிசுக்கு வடிகிறது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால், அளவு குறைவதற்கு மாறாகச் சற்றே கூடியிருக்கிறது. முதல் மாடியில் இருப்பவர்கள் புகை வீட்டுக்குள் வருவதாகச் சொல்கிறார்கள். எஞ்சினைப் பிரித்து வேலை செய்ய வேண்டும் என்று சர்வீஸ்காரர் பெரிய தொகை கேட்கிறார். அது உண்மையிலேயே தேவையா? அதுவரைக்கும் குடியிருப்பாளர் ஒருவரின் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை, இருபுறமும் பிளக் வைத்த ஒயர் மூலம் மோட்டார் அறை பாயின்ட்டில் செருகிப் பொது விளக்குகளை எரிக்கலாம் என்ற யோசனையும் வந்துள்ளது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

டீசல்_பழையவர் எழுதியது:

ஐயா, நீங்கள் எஞ்சினைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்கிற அந்தப் பத்து நிமிட ஓட்டம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கும். லோடு இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சினில் சிலிண்டரின் வெப்பம் போதிய அளவுக்கு ஏறுவதில்லை. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு சரியாகப் பொருந்துவதுமில்லை. அதனால் முழுதாக எரியாத டீசலில் ஒரு பகுதி கரியோடு கலந்து புகைக்குழாயில் பிசுக்காகத் தேங்குகிறது. இன்னொரு பகுதி வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. குச்சியில் அளவு கூடியிருப்பதை நான் வடியும் பிசுக்கைவிடக் கவலைக்குரியதாகக் கருதுகிறேன். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்குகளைக் காக்கும் வலுவை இழந்துவிடும். ஆகவே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் இனி ஒருமுறைகூட ஓட்ட வேண்டாம். வடித்த ஆயில் டீசல் வாடை அடிக்கிறதா, அல்லது பால் கலந்தது போல வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளுத்திருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்கிறது என்று பொருள். அது வேறு பழுது. வெளுப்பு இல்லை என்றால் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள், ஒழுகும் இன்ஜெக்டரும் இதே அறிகுறியைக் காட்டும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால், எஞ்சினைப் பிரிக்கும் முன் லோடு பேங்க் சோதனை ஒன்றைக் கேளுங்கள். வெப்பச்சுருள்கள் கொண்ட அந்தக் கருவியை வாடகைக்குக் கொண்டுவந்து, லோடைப் படிப்படியாக முக்கால் பங்கு வரை ஏற்றி, புகை தெளியும் வரை சில மணி நேரம் ஓட்டினால் தேங்கிய பிசுக்கு பெரும்பாலும் எரிந்துவிடும். லோடை ஒரேயடியாக ஏற்றினால் குழாயில் உள்ள கரி தீப்பற்றக்கூடும் என்பதால், இதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். அதன் பிறகும் ஆயில் அளவு கூடினால் சர்வீஸ்காரர் சொல்வது நியாயமே.

வாரச் சோதனையை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை அரை மணி நேரம் லோடோடு ஓட்டுங்கள். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 110 தரநெறி, மாதந்தோறும் குறைந்தது 30 நிமிடம், பெயர்ப்பலகைத் திறனில் 30 விழுக்காட்டுக்குக் குறையாத லோடில் ஓட்டச் சொல்கிறது. உங்கள் 62.5 கே.வி.ஏ.வை 0.8 பவர் ஃபேக்டரால் (கே.வி.ஏ.வைக் கிலோவாட்டாக மாற்றும் விகிதம்) பெருக்கினால் 50 கிலோவாட். அதில் 30 விழுக்காடு 15 கிலோவாட். நிறுத்துவதற்கு முன் லோடை எடுத்துவிட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் எஞ்சின் சீராகக் குளிரும். வெறும் ஓட்டத்துக்கு உரிய இடம் அது மட்டுமே.

மின்பணி_மதுரை எழுதியது:

எஞ்சினைப் பற்றி மேலே எழுதியவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் அந்தப் பெட்ரோல் ஜெனரேட்டர் யோசனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். இருபுறமும் பிளக் உள்ள ஒயரில் ஒரு முனையைச் செருகியவுடன் மறுமுனையின் பித்தளை முள்களில் 230 வோல்ட் வெளிப்படையாக நிற்கும். அதைவிடக் கொடியது, மெயின் சுவிட்ச் ஆன் நிலையில் இருந்தால் அந்த மின்சாரம் தெருவுக்குத் திரும்பிப் பாய்வது. விநியோக டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருவது போலவே, நம் பக்கத்திலிருந்து வரும் மின்சாரத்தை 11,000 வோல்ட்டுக்கு உயர்த்தவும் செய்யும். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் அதில் சிக்குவார். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களில், வெளிமாவட்ட ஊழியர்கள் கம்பங்களை நட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில் வாடகை ஜெனரேட்டர்கள் ஊரெல்லாம் ஓடின. அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்தத் தவறு உயிரைக் குடிக்கும். மெயின் சப்ளை திடீரென்று திரும்பி வந்தால் அந்தச் சிறிய ஜெனரேட்டரும் கருகிப்போகும்.

மெயின் சப்ளை, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாக அல்லாமல் எந்த ஜெனரேட்டரையும் கட்டிடத்தின் ஒயரிங்கோடு இணைக்கக் கூடாது. உங்கள் பெரிய ஜெனரேட்டரில் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் நான்கு துருவ சேஞ்ச்ஓவர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டரின் உலோக உடலுக்கு இரண்டு, நியூட்ரலுக்குத் தனியாக இரண்டு என எர்த் குழிகள் நான்கு இருக்க வேண்டும். கோடையில் மண் காய்ந்துபோவதால் அவற்றின் எர்த் ரெசிஸ்டன்ஸை அப்போது அளப்பது நல்லது. இன்னொன்று: தானாக ஸ்டார்ட் ஆகும் ஏ.எம்.எஃப். பேனல் உள்ள இயந்திரத்தில் யார் கை வைப்பதாக இருந்தாலும், பேனலை ஆஃப் நிலையில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே கூண்டைத் திறக்க வேண்டும். ஃபேன் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஞ்சின் யாரிடமும் கேட்டுக்கொண்டு ஸ்டார்ட் ஆவதில்லை.

ஏழாம்மாடி எழுதியது:

முதல் மாடிக்குப் புகை வருவதை யாரும் தொடவில்லை. அதை வெறும் நாற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிணைகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கி, தூங்குபவரை எழவே விடாமல் செய்துவிடும். டீசலைவிடப் பெட்ரோல் எஞ்சினில் இது பல மடங்கு அதிகம் என்பதால், அந்தச் சிறிய ஜெனரேட்டரை மோட்டார் அறையிலோ படிக்கட்டுக்கு அடியிலோ வைப்பது, ஒயர் இணைப்பு சரியாகவே இருந்தாலும், கூடாது. திறந்த வெளியில், கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளித்தான் வைக்க வேண்டும்.

பெரிய ஜெனரேட்டரின் புகைக்குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி, கட்டிடத்தின் உயரத்தோடு கே.வி.ஏ.யின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கை மீட்டரில் கூட்ட வேண்டும். உங்களுக்கு அது மொட்டை மாடிக்கு மேல் சுமார் 1.6 மீட்டர். முதல் மாடியில் புகை வருகிறது என்றால், ஒன்று குழாய் அங்கேயே முடிகிறது, அல்லது பிசுக்கு வடியும் அந்த இணைப்பே விரிந்திருக்கிறது.

சங்கச்செயலாளர் எழுதியது:

மிக்க நன்றி. குழாய் இரண்டாம் மாடி உயரத்தோடு முடிந்துவிடுகிறது. இணைப்பில் கேஸ்கெட்டும் கிழிந்திருக்கிறது. பெட்ரோல் ஜெனரேட்டர் வேண்டாம் என்று குழுவில் தெரிவித்துவிட்டேன். 15 கிலோவாட் லோடுக்கு மட்டும் வழி தெரியவில்லை. லிஃப்ட்டும் மோட்டார்களும் சேர்ந்தால் போதுமா?

டீசல்_பழையவர் எழுதியது:

மோட்டார்கள் இரண்டும் சேர்ந்து ஏழரை கிலோவாட்டுக்கு அருகில் வரும். லிஃப்ட் விட்டுவிட்டு ஓடுவதால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விளக்குகளைச் சேர்த்தாலும் இலக்கில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எனவே மேல்தொட்டி நிரப்பும் நேரத்திலேயே மாதச் சோதனையை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை லோடு பேங்க் வரவழையுங்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் தேவைக்கு இந்த ஜெனரேட்டர் பெரியது. விற்றவர் அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஆயிலை ஹவர் மீட்டரை மட்டும் பார்த்து மாற்றக் காத்திருக்காதீர்கள். உங்களைப் போலக் குறைவாக ஓட்டுபவர்களுக்கு அந்த மணிக்கணக்கு பல ஆண்டுகளுக்கு வராது. கையேட்டில் உள்ள மாதக்கணக்குதான் பொருந்தும். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை மாதந்தோறும் வடித்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும், ஓடும்போது டீசல் ஊற்றுவதும் கூடாது என்று காவலாளியிடம் நேரில் காட்டிச் சொல்லுங்கள்; கூண்டின் கதவில் தமிழில் எழுதியும் ஒட்டுங்கள். கடைசியாக பேட்டரி: ஸ்டார்ட் ஆகவில்லை என்று என்னை அழைத்த இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். சார்ஜரை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும், 12.2க்குக் கீழே இறங்கினால் முதலில் சார்ஜரைச் சோதித்துவிட்டு, பிறகு பேட்டரியை மாற்றுவது பற்றி யோசியுங்கள்.