75 ஆயிரத்துக்குள் மின்சார ஸ்கூட்டர்: அவிநாசியிலிருந்து தினமும் திருப்பூர் போய்வர எது சரிப்பட்டு வரும்?

அவிநாசிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். குடியிருப்பது அவிநாசி, வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். போக வர, நடுவில் டையிங் பிரிண்டிங் என்று யூனிட் யூனிட்டாக அலைவது எல்லாம் சேர்த்து நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறது. இப்போது இருப்பது பழைய பெட்ரோல் ஸ்கூட்டர், லிட்டருக்கு 40 கொடுத்தாலே பெரிய விஷயம். மாதம் 2,600 ரூபாய் பெட்ரோலுக்கே போய்விடுகிறது, மெக்கானிக் செலவு தனி.

கையில் 75 ஆயிரம் இருக்கிறது. ஏற்கெனவே அம்மா ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் ஓடிக்கொண்டிருப்பதால் இன்னொரு கடன் வேண்டாம். பக்கத்துக் கடையில் லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று சொல்லி புது மின்சார ஸ்கூட்டர் ஒன்றை 48 ஆயிரத்துக்குத் தருகிறார்கள். அதை எடுக்கலாமா, இல்லை பெரிய கம்பெனி வண்டியாகப் பார்த்து செகண்ட் ஹேண்டில் எடுக்கலாமா? இன்னொரு சிக்கலும் உண்டு. மாடியில் வாடகை வீடு, வண்டியைக் கீழே தெருவோரம்தான் நிறுத்துகிறேன், அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது.

வயரிங் மணி:

தம்பி, அந்த 48 ஆயிரம் வண்டியைத் தொடாதே. லைசென்சும் பதிவும் வேண்டாம் என்றால் சட்டப்படி அதன் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவிநாசி ரோட்டில் பின்னால் பஸ்ஸும் கன்டெய்னரும் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது 25-இல் போய்ப் பார், அப்போது தெரியும். 40 கிலோமீட்டர் ஓட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். "ஒயரை மாத்தி விட்டா 45 போகும்" என்று கடைக்காரரே சொல்வார், அதை நம்பி மாற்றினால் பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியில் போகிறாய் என்று அர்த்தம். யார் மேலாவது இடித்துவிட்டால் மொத்தமும் உன் தலையில்.

முதலில் கேட்க வேண்டியது பேட்டரி எந்த வகை என்று. அந்த விலையில் பல வண்டிகளில் லெட் ஆசிட்தான் வருகிறது. வாங்கும்போது 60 கிலோமீட்டர் போகும் என்பார்கள், தினமும் 40 ஓட்டினால் பேட்டரியைக் கிட்டத்தட்ட காலி செய்து காலி செய்து ஏற்றுகிறாய், லெட் ஆசிட்டுக்கு அது ஆகவே ஆகாது. சீக்கிரமே செட்டையே மாற்ற வேண்டிவரும், மிச்சம் பிடித்த காசு அதில் போய்விடும். வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வரும் பெரியவர்களுக்கு அந்த வண்டி பரவாயில்லை. உன் ஓட்டத்துக்கு இல்லை.

கோவை சார்ஜர்:

மணி அண்ணா சொன்னதுதான் சரி. நான் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். நல்ல மின்சார ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 30 வாட் அவர் கரண்ட் எடுக்கும், 1,000 வாட் அவர் சேர்ந்தால் ஒரு யூனிட். மாதம் 26 நாள், 1,040 கிலோமீட்டர் என்றால் 31 யூனிட், சார்ஜரில் சூடாகி வீணாவதையும் சேர்த்து 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினாலும் 360 ரூபாய்தான். பெட்ரோலுக்கு 2,600.

மீட்டர் உங்கள் பெயரில் தனியாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, வண்டிக்காக 70 யூனிட் கூடும். ஏற்கெனவே ஏசி ஓடி 450 யூனிட் வருகிற வீடு என்றால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் அதிக விலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கீழ் அடுக்கில் கிடைக்கும் சலுகையிலும் கை வைப்பார்கள்.

உங்கள் பிரச்சினை விலையைவிட பிளக் பாயிண்ட்தான். மாடியிலிருந்து ஒயரை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு இறக்கி சார்ஜ் போடுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், மழையில் குழந்தைகள் மிதிக்கிற ஒயர் அது. பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோகிற மாதிரி வண்டியாகப் பாருங்கள். ஹீரோவின் விடா விஎக்ஸ்2 கோ அப்படித்தான், 2.2 கிலோவாட் அவர் பேட்டரி, கழற்றலாம். 2025 ஜூலையில் வந்தபோது ஷோரூம் விலை 99,490 ரூபாய். பேட்டரிக்கு மட்டும் வாடகை கட்டும் திட்டத்தில் எடுத்தால் வண்டி 59,490, அப்புறம் கிலோமீட்டருக்கு 96 பைசாவிலிருந்து வாடகை. உங்கள் ஓட்டத்துக்கு வாடகை மாதம் 1,000, கரண்ட் 360. அப்படியும் பெட்ரோலைவிட 1,200 ரூபாய் மிச்சம். விலை மாறியிருக்கும், குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியே ஆக வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேட்டரியைக் கடையிலேயே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், தினமும் மாடிப்படி ஏற்ற வேண்டியது நீங்கள்தான்.

பல்லடம் டீச்சர்:

எங்கள் வீட்டிலும் இதே பிளக் பாயிண்ட் பிரச்சினை வந்தது. ஓனரிடம் போய், சப் மீட்டர் எங்கள் செலவில் போட்டுக்கொள்கிறோம், ஓடுகிற யூனிட்டுக்குக் காசு தருகிறோம் என்று சொன்னதும் சம்மதித்துவிட்டார். வண்டி தீப்பிடிக்கும் என்றுதான் அவர் பயந்தார், காசுக்காக மறுக்கவில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரியாகப் போட்டு, வாசலில் மூடி வைத்த பாயிண்ட் ஒன்று போட்டோம். ஸ்கூட்டருக்குச் சாதாரண வீட்டு லைனே போதும். நீங்களும் ஒருமுறை பேசிப் பாருங்கள் தம்பி. அலைச்சல் இல்லாத வேலை என்றால் பஸ் ஸ்டாண்டு வரை எலக்ட்ரிக் சைக்கிள், அங்கிருந்து பஸ் என்று சொல்லியிருப்பேன், யூனிட் யூனிட்டாகச் சுற்றுகிறவருக்கு அது ஒத்துவராது.

அவிநாசிவாசி:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். 48 ஆயிரம் வண்டியை விட்டுவிட்டேன். டீச்சர் சொன்ன மாதிரி ஓனரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். அவர் ஒத்துக்கொண்டால் செகண்ட் ஹேண்ட் பக்கம் போகலாமா? மூன்று வருட வண்டிகள் என் பட்ஜெட்டுக்குள் கிடைக்கின்றன. எதைப் பார்த்து எடுப்பது மணி அண்ணா?

வயரிங் மணி:

போகலாம், ஆனால் பெயின்ட்டையும் டயரையும் பார்த்து விலை பேசாதே. முதலில் பார்க்க வேண்டியது வண்டி தயாரான மாதம். 2022-இல் ஊர் ஊராக ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகுதான் ஏஐஎஸ் 156 என்கிற பேட்டரி பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கினார்கள். முதல் கட்டம் 2022 டிசம்பரில், இரண்டாவது 2023 மார்ச் கடைசியில் அமலுக்கு வந்தது. அதனால் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டியாக எடு, ஆர்.சி.யிலேயே மாதம் இருக்கும்.

அடுத்தது பேட்டரி. முழுசாக சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டுப் போ. ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, நீ தினமும் போகிற வேகத்திலேயே 10 கிலோமீட்டர் ஓட்டு. 3 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் 10, 12 சதவீதம் இறங்கலாம். 18, 20 இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, திரும்பி வந்துவிடு. ஓட்டி முடித்ததும் அங்கேயே சார்ஜில் போடச் சொல், பத்து நிமிஷம் கழித்து பிளக்கைப் பிடுங்கிப் பின்னைத் தொட்டுப் பார். கை பொறுக்காத சூடு, பிளாஸ்டிக்கில் பழுப்புக் கறை, கருகிய வாடை, இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். சர்வீஸ் சென்டரில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துத் தருவார்களா என்று கேள், விற்பவர் அதற்கு வர மறுத்தாலே யோசிக்க வேண்டியதுதான்.

வாரன்ட்டி எத்தனை வருடம் பாக்கி, அது உன் பெயருக்கு மாறுமா என்பதைக் கம்பெனியிடமே நேராகக் கேள். லோன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் என்று இருக்கும், அதை நீக்கித் தந்தால்தான் பணம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாகி, அவருடைய போன் ஆப்பிலிருந்து வண்டி உன் நம்பருக்கு மாறிய பிறகு மீதிப் பணத்தைக் கொடு. ஆப் மாறவில்லை என்றால் நீ எங்கே போகிறாய் என்று பழைய ஓனர் போனில் தெரிந்துகொண்டே இருக்கும். ஒரிஜினல் சார்ஜரையும் இரண்டு சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்.