ஆறு வருஷம் மிஷினில் உட்கார்ந்தாச்சு, சூப்பர்வைசர் வேலையை எப்படிக் கேட்பது?

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருக்கிறேன். போஸ்ட் மிஷின் (தூண் மாதிரி உயரமான தையல் மிஷின்), ஸ்கைவிங் (தோல் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது), மடிப்பு எல்லாம் தெரியும், யார் லீவு போட்டாலும் அந்த இடத்தில் என்னைத்தான் உட்கார வைப்பார்கள். போன மாதம் எங்கள் சூப்பர்வைசர் வேலையை விட்டு நின்றுவிட்டார். அந்த இடத்துக்கு டிப்ளமோ முடித்த ஒரு பையனை வெளியிலிருந்து எடுத்தார்கள், அவனுக்கு நூல் கோர்க்கக்கூட நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நான் பத்தாவதுதான். இன்னொரு லைன் போடப் போகிறார்களாம், இந்த முறையாவது கேட்கலாமா?

பதில் 1
தங்கச்சி, எல்லா மிஷினும் தெரிவதுதான் உனக்கு வினை. உன்னைத் தூக்கிவிட்டால் அந்த ஓட்டையை யார் அடைப்பது என்றுதான் மேனேஜர் பார்ப்பார். முதலில் பக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு உன் வேலையைப் பழக்கு. அப்புறம் ஒரு நோட்டு போட்டு, மணிக்கு எத்தனை ஜோடி போனது, எத்தனை ரீவொர்க் (திருப்பிச் சரிசெய்ய) வந்தது, எதனால் என்று எழுது. ராணிப்பேட்டையில் நான் டெய்லராக இருந்தபோது அப்பரில், அதாவது ஷூவின் மேல்பாகத்தில், தையல் விட்டு விட்டு வந்தது, எல்லாரும் டெய்லர்களைத்தான் திட்டினார்கள். நான் ஊசி மாற்றிய நேரத்தைக் குறித்து வைத்திருந்தேன், பார்த்தால் மத்தியானத்துக்கு மேல், ஊசி மழுங்கிய பிறகுதான் வருகிறது. அந்த ஒரு பக்கத்தைக் காட்டித்தான் லைன் சூப்பர்வைசர் வேலை வாங்கினேன்.

பதில் 2
கேட்பதற்கு முன் கணக்குப் போடுங்கள் அக்கா. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது தொழிலாளிக்கு. சூப்பர்வைசர் என்று பேர் வைத்ததும் பல கம்பெனிகளில் அது நின்றுவிடும், ஆனால் வீட்டுக்குப் போவதென்னவோ கடைசி ஆளாகத்தான். இன்னொன்று, ஓவர்டைம் சேர்க்காமல் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடும் போய்விடும். உடனே இல்லை, ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இருக்கும் தவணை முடியும்வரை சம்பளத்தில் அதற்குப் பிடிப்பார்கள். 22,000 என்று சொன்னால் சந்தோஷப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள்.

பதில் 3
வாயால் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார்கள், எங்கள் வேலூர் ஆபீஸிலும் அதே கதைதான். ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் எச்.ஆர். கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பையனைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

கேட்டவர்
இ.எஸ்.ஐ. விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அம்மாவுக்கு சுகர் மாத்திரை அங்கேதான் வாங்குகிறோம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். நோட்டு இன்றைக்கே ஆரம்பித்தாச்சு அண்ணா. ரீவொர்க் 11, அதில் 8 பசை காயாமல் மிஷினுக்கு வந்தது. பையனிடம் காட்டினேன், அவனும் எட்டிப் பார்த்துவிட்டு ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைத்தான்.