எம்மெட் டில் நினைவிடங்கள்: உறுதியாகத் தெரியாத இடத்துக்குப் பலகை வைக்கலாமா?

கதிரவன்:
1955இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வெள்ளையர்களால் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் பிறந்த ஜூலை 25ஆம் நாளையே தேர்ந்தெடுத்து, 2023இல் அமெரிக்க அதிபர் பைடன் மூன்று இடங்களைச் சேர்த்து ஒரே தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். முதலாவது, 14 வயது மகனின் சிதைந்த முகத்தை ஊரே பார்க்கட்டும் என்று தாய் மேமி சவப்பெட்டியை மூடவிடாமல் வைத்திருந்த சிகாகோ ராபர்ட்ஸ் டெம்பிள் தேவாலயம். இரண்டாவது, கொலைகாரர்களான ராய் பிரையன்ட்டையும் ஜே. டபிள்யூ. மைலமையும் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு 67 நிமிடங்களில் விடுவித்த சம்னர் நீதிமன்றம். மூன்றாவது, உடல் மீட்கப்பட்டதாகச் சொல்லப்படும் டல்லஹாச்சி ஆற்றங்கரையின் கிராபால் லேண்டிங். என் மறுப்பு மூன்றாவதற்கு மட்டுமே. உடல் கரையேற்றப்பட்டது அவ்விடத்தில்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த உடலே டில்லுடையது அல்ல என்று சாதித்துத்தான் 1955 செப்டம்பரில் எதிர்த்தரப்பு வழக்கை வென்றது என்பதை மறந்துவிடக் கூடாது. ஐயத்தை ஆயுதமாக்கித் தப்பியவர்களின் வழக்குக்கு நினைவிடம் எழுப்பும்போது, ஐயத்துக்கு இடமுள்ள எதையும் அதில் சேர்க்கக் கூடாது என்பதே என் கருத்து.

தாமரைச்செல்வி:
ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அந்த ஐயம் தானாக முளைத்ததன்று என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சிறுவன் அடித்துத் துன்புறுத்தப்பட்ட இடம் சன்ஃபிளவர் மாவட்டத்தில் ட்ரூ ஊருக்கு அருகிலுள்ள ஒரு கொட்டகை. அங்கிருந்து அலறல் கேட்டதாக வில்லி ரீட் என்ற 18 வயது இளைஞர் நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொன்னார். சொன்ன கையோடு உயிருக்கு அஞ்சிச் சிகாகோவுக்கு ஓடிப்போக வேண்டியிருந்தது. தீர்ப்புக்குப் பின், இனி தண்டிக்க முடியாது என்ற துணிச்சலில் கொலைகாரர்கள் பணம் வாங்கிக்கொண்டு 1956 ஜனவரியில் லுக் இதழுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் அந்தக் கொட்டகையே இல்லை. அடித்த இடத்தை அவர்கள் மைலமின் வீட்டுப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். கொட்டகையைச் சொன்னால், உடனிருந்த மற்றவர்களும் வெளிச்சத்துக்கு வருவார்கள் அல்லவா? அச்சில் வந்த அந்தப் பொய் பல பத்தாண்டுகள் வரலாறாக உலவியது. ஆவணம் இருக்கும் இடத்துக்கு மட்டும் பலகை என்று நாம் விதி வகுத்தால், ஆவணத்தைத் திரித்தவர்களிடமே நினைவிடங்களின் வரைபடத்தை ஒப்படைத்தவர்களாவோம்.

இளஞ்சேரல்:
நீங்கள் இருவருமே மணி என்ற சிற்றூரின் பிரையன்ட் கடையை விட்டுவிட்டீர்கள். டில் மிட்டாய் வாங்கப் போன கடை அது; அங்கே வெள்ளைக்காரப் பெண்ணிடம் அவன் முறைகேடாக நடந்தான் என்று கிளம்பிய பேச்சுத்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். இடத்தில் எந்த ஐயமும் இல்லை. இருந்தும், கூரை இடிந்து, சுவர்களைக் கொடி மூடி, அது பாழாகிக் கிடக்கிறது. அன்றைய நடுவர்களில் ஒருவரின் குடும்பத்தார் கைக்குப் போனபின் அதைப் பழுதுபார்க்க எவராலும் முடியவில்லை. ஆனால் அதற்கு அடுத்திருக்கும் பழைய பெட்ரோல் நிலையம் மட்டும், குடிமை உரிமைப் போராட்ட நினைவிடங்களுக்கென மாநிலம் ஒதுக்கிய நிதியில் 2 லட்சம் டாலருக்கு மேல் பெற்று, புத்தம் புதிதாக நிற்கிறது. கொலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத கட்டடத்துக்கு அந்தப் பணம் போயிருக்கிறது. ஆற்றங்கரை சரியான இடந்தானா என்று நீங்கள் வழக்காடும் நேரத்தில், உறுதியாகத் தெரிந்த இடம் கண்ணெதிரே மண்ணோடு மண்ணாகிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

கதிரவன்:
கொட்டகையை நான் மறுக்கவில்லை, அம்மா. உறுதிமொழி எடுத்துச் சொன்ன சாட்சி அதற்கு இருக்கிறது. 2025இல் சம்னரிலுள்ள எம்மெட் டில் விளக்க மையம் அதை விலைக்கு வாங்கியதை மனமார வரவேற்கிறேன். ஆற்றங்கரைக்கு அப்படி ஒரு சாட்சியைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். கடையைப் பொறுத்தவரை, அதை 1955இல் இருந்தபடியே எடுத்துக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. புதுச் சுண்ணாம்பு பூசிய கடைக்குள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தைவிட, இடிந்த சுவர் எவ்வளவோ மேல். நீதிமன்றத்தின் கதை வேறு. அன்றைய தோற்றத்துக்கே மீட்கப்பட்ட அந்தக் கூடத்தில், கறுப்பினச் செய்தியாளர்களை ஒதுக்கி உட்கார வைத்த சிறு மேசை எங்கே கிடந்தது, டில்லைத் தன் வீட்டிலிருந்து இழுத்துச் சென்றவர்களை அவனுடைய உறவினர் மோஸ் ரைட் எழுந்து நின்று கை நீட்டி அடையாளம் காட்டியது எந்த இடத்தில் என்று பார்க்கும்போது, அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது என்பது யாரும் விளக்காமலே விளங்கும்.

தாமரைச்செல்வி:
ஆற்றங்கரைக்குச் சாட்சி கேட்டீர்கள். 2006இல் டல்லஹாச்சி மாவட்டத்தின் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, 2007 அக்டோபர் 2 அன்று நீதிமன்ற வாசலில் டில் குடும்பத்தாரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, அதன்பிறகு வைத்த பலகைகளில் ஒன்றுதான் அது. முதல் பலகை 2008இலேயே திருட்டுப் போனது. அடுத்ததைக் குண்டுகள் சல்லடையாக்கின. 2018இல் வைத்த மூன்றாவதையும் சில வாரங்களுக்குள் சுட்டார்கள். 2019இல், 500 பவுண்டுக்கு மேல் எடையுள்ள, குண்டு துளைக்காத எஃகுப் பலகையை நட வேண்டியதாயிற்று. உடல் கரையேறியது அங்கேயா, சற்று மேலேயா கீழேயா என்பது எப்படி இருந்தாலும், சிறுவனின் பெயரைக்கூடப் பொறுக்காத வெறுப்பு 50 ஆண்டுகள் கழித்தும் சுட்டது அந்தக் கரையில்தான். அதில் எந்த ஐயமும் இல்லை, ஐயா. இப்போதுள்ள பலகை அந்தச் செய்தியையும் சேர்த்தே சொல்கிறது.

கதிரவன்:
பலகையைச் சுட்டதற்காக அவ்விடத்தை நினைவிடமாக்கலாம் என்றால் ஏற்கிறேன். ஆனால் அந்தக் காரணத்தை முதல் வரியில் எழுத வேண்டும். உடல் மீட்கப்பட்ட இடம் என்று முதலில் சொல்லிவிட்டு, மற்றதைக் கீழே சேர்ப்பது சரியாகாது.

இளஞ்சேரல்:
அந்த வரியை மாற்ற விளக்க மையத்துக்கு ஒரு கடிதம் போதும். கடையின் மிச்சச் சுவர்கள் விழுந்துவிட்டால் எந்தக் கடிதத்தாலும் பயனில்லை. கதிரவன் ஐயா சொல்வதுபோல் புதிதாகக் கட்ட வேண்டாம். நிற்கும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதற்காவது நாம் மூவரும் ஒத்துப்போகலாமே.