ஜப்பான் வொர்க்கிங் ஹாலிடே: பாஸ்போர்ட் கனடா, இருப்பது ஜெர்மனி

அலைகடல்:
கனடா பாஸ்போர்ட், வயது 30. வேலை நிமித்தம் இப்போது பெர்லினில் இருக்கிறேன். ஜப்பான் வொர்க்கிங் ஹாலிடே விசாவுக்கு (இளைஞர்கள் ஒரு நாட்டில் தங்கிச் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய உதவும் விசா) இங்குள்ள ஜப்பான் தூதரகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாமா? ஜெர்மனிக்கும் ஜப்பானோடு இதே ஏற்பாடு இருக்கிறதே. முடியாதென்றால், டொராண்டோவில் அப்பா அம்மா வீட்டு முகவரியைப் போட்டு, ஒரு வாரம் லீவில் போய்க் கொடுத்துவிட்டு வந்தால் சரிவருமா? எனக்கு 31 வயதாக ஐந்து மாதம்தான் இருக்கிறது.

குறுக்குத்தெரு:
பெர்லினில் வாங்க மாட்டார்கள். ஜெர்மனியோடு உள்ள ஏற்பாடு ஜெர்மன் குடிமக்களுக்கு. உங்களுக்குரியது கனடாவோடு உள்ளது. அதில் குடியுரிமை, வசிப்பிடம் இரண்டும் கனடாவாக இருக்க வேண்டும். கொடுக்கும் இடமும் கனடாவுக்குள்தான்: ஒட்டாவாவில் தூதரகம், டொராண்டோ, மொன்றியல், கால்கரி, வான்கூவரில் துணைத் தூதரகங்கள். அதிலும் மாகாண வாரியாக எல்லை உண்டு. மானிடோபாக்காரர் கால்கரிக்குத்தான் போக வேண்டும்.

ஒரு வார யோசனையை விட்டுவிடுங்கள். முகவரி ஒரு வரிதான்; மாட்டிவிடுவது மற்ற தாள்கள். படிவத்தில் இப்போதைய வேலையும் முதலாளி முகவரியும் கேட்பார்கள். கூடவே ரெஸ்யூமே கொடுக்க வேண்டும். அதில் "பெர்லின், இன்று வரை" என்று இருந்தால் டொராண்டோ முகவரி அங்கேயே அடிபட்டுப் போகும். மறைத்து எழுதினால் அது பொய்த் தகவல், அடுத்த விசாவுக்கும் வினை. பாஸ்போர்ட்டையும் முடிவு வரும்வரை அவர்களிடம் விட்டு வைக்க வேண்டியிருக்கும்; திரும்பும் டிக்கெட்டை நெருக்கமாகப் போட்டால் சிக்கல்.

மழைக்குருவி:
மேலே சொன்னது சரி. வயது விஷயத்தில் மட்டும் பதற்றம் வேண்டாம். விண்ணப்பிக்கும் நாளில் 30 இருந்தால் போதும், ஜப்பானில் இறங்கும் நாளில் அல்ல. விசா கிடைத்த பிறகு உள்ளே போக ஓராண்டு அவகாசம் உண்டு. ஆகவே பெர்லின் வேலையை முடித்து, அங்கே முகவரிப் பதிவை ரத்து செய்த தாளையும் வாங்கிக்கொண்டு, நிஜமாகவே டொராண்டோவுக்குக் குடிபோய், பிறந்தநாளுக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

ஊர் திரும்பி எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று பொது நிபந்தனையில் எண் எதுவும் இல்லை. அதனால் முடிவு அதிகாரி கையில். டிக்கெட் எடுக்கும் முன்பே துணைத் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் உங்கள் நிலையைச் சொல்லி, எந்த ஆதாரத்தை ஏற்பார்கள் என்று கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள். ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், உங்கள் பெயருக்கே வரும் பில் எல்லாம் உதவும். ஹெல்த் கார்டை (மாகாண மருத்துவக் காப்பீட்டு அட்டை) மட்டும் நம்பாதீர்கள்: ஒன்டாரியோவில் 12 மாதத்தில் 153 நாள் மாகாணத்துக்குள் இருந்தால்தான் அந்தக் காப்பீடு நீடிக்கும். வரிக் கணக்கில் "ரெசிடென்ட்" என்பது வேறு சமாச்சாரம், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

அலைகடல்:
வேலையை இப்போது விட முடியாது. பெர்லினில் இருந்தபடியே வேறு எந்த நாட்டுக்குக் கொடுக்கலாம்?

குறுக்குத்தெரு:
ஆஸ்திரேலியா 417, அதாவது அந்த நாட்டின் வொர்க்கிங் ஹாலிடே விசா. கனடா பாஸ்போர்ட்டுக்கு 35 வயது வரை. எங்கே வசிக்கிறீர்கள் என்பது பிரச்சினை இல்லை. முதல் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் விசா வழங்கப்படும்போதும் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொடுத்துவிட்டு, சுற்றுலா விசாவில் அங்கே போய்க் காத்திருப்பதுதான் பலர் செய்யும் கோளாறு. உள்ளே இருக்கும்வரை வழங்க முடியாது. கடந்த 10 ஆண்டில் மொத்தம் 12 மாதம் இருந்த நாடுகளின் போலீஸ் சான்றிதழ் கேட்கக்கூடும். ஜெர்மனியும் அந்தக் கணக்கில் வந்தால், அங்கிருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

பிரிட்டனில் இதே மாதிரியான யூத் மொபிலிட்டி விசாவும் கனடாக்காரருக்கு 35 வயது வரை. பிரிட்டனுக்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். அங்கே இடறுவது பணம்: 2,530 பவுண்ட் தொடர்ந்து 28 நாள் கணக்கில் நிற்க வேண்டும், அந்த 28ஆம் நாள் விண்ணப்ப நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். யூரோவில் வைத்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். மாற்று விகிதம் சரிந்து ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்புதான்.