செகண்ட் ஸ்டேஜுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

மடல் 1 — ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து மொரீஷியஸுக்கு வரும் விருந்தினருக்காக இங்குள்ள முக்குளிப்பு நிலையம் ஒரு பக்கப் பாதுகாப்பு அட்டை அச்சடிக்கிறது. பிரெஞ்சு மூலத்தைத் தமிழாக்கும் வேலை என்னிடம். நீருக்கடியில் மூச்சுவிட உதவும், நாம் 'தெத்தாந்தர்' என்று ஒரே பிரெஞ்சுச் சொல்லில் முடித்துவிடும் கருவிக்கு இரண்டு பகுதிகள். சிலிண்டரில் பூட்டும் முதல் பகுதி 200 பார் அழுத்தத்தில் உள்ள காற்றை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாவது பகுதி, மூச்சை இழுக்கும்போது மட்டும் நீரழுத்தத்துக்கே இறக்கிக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் 'செகண்ட் ஸ்டேஜ்' எனப்படும் இந்த இரண்டாவதற்குத்தான் பெயர் வேண்டும். 'இரண்டாம் கட்டச் சீராக்கி' என்று எழுதி வைத்திருக்கிறேன். சாதாரண வகையையும் 'கோம்பான்சே' (ஈடுசெய்த) வகையையும் ஒப்பிட்டு நான்கு வரியும் உண்டு.

மடல் 2 — ரோஸ் ஹில்லிலிருந்து

தம்பி, 'கட்டம்' என்றால் சதுரங்கக் கட்டமும் ஜாதகக் கட்டமும்தான் முதலில் நினைவுக்கு வரும். நம் முன்னோர் ஏரிக்குள் இறங்கிக் குமிழித்தூம்பைத் திறந்தவர்கள். நீருக்கடியில் ஒரு துளை, அதன்மேல் ஓர் அடைப்பு, வேண்டும்போது தூக்கினால் பாயும். உங்கள் கருவி செய்வதும் அதுதானே? என் முன்மொழிவு 'வாய்மடை'. மடுத்தல் என்றால் உட்கொள்ளுதல். செவிமடுத்தல், வாய்மடுத்தல் என்கிறோம். மடு, மடை இரண்டும் ஒரே வேர். நீர்மடை, மடைப்பள்ளி, கோயிலில் இடும் மடை எல்லாம் அங்கிருந்தே கிளைத்தவை. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டிலேயே தமிழ் எண் இருக்கிறது, வாயில் கவ்வும் கருவிக்குத் தமிழ்ப்பெயர் கூடாதா?

மடல் 3 — கிராண்ட் பேயிலிருந்து

ஐயா, வேர் நன்றாக இருக்கிறது, உவமைதான் தலைகீழ். குமிழித்தூம்பில் ஏரி நீர் அடைப்பை அழுத்தி மூடுகிறது. வழக்கமான செகண்ட் ஸ்டேஜில் ஹோஸில் வரும் காற்று, 'பாப்பெட்' என்ற அடைப்பைத் திறக்கும் பக்கமாகத் தள்ளுகிறது. மூடி வைத்திருப்பது ஸ்பிரிங். அதனால்தான் முதல் பகுதியில் அடைப்பு உட்காரும் சீட் தேய்ந்து, ஹோஸில் உள்ள நடு அழுத்தம் ஏறினால், இது தானாகத் திறந்து காற்றைக் கொட்டிவிடும். மூச்சு நிற்காது. உங்கள் குமிழித்தூம்பு பொசைடன் நிறுவனத்தின் ஜெட்ஸ்ட்ரீம் வகைக்குத்தான் பொருந்தும்: அதில் அழுத்தம் ஏற ஏற அடைப்பு இறுகும், ஆகவே ஹோஸில் தனியாக ஒரு விடுவிப்பு வால்வு கட்டாயம்.

ஒப்பீட்டு வரிகளுக்கு என் குறிப்பு. சாதாரண வகையில் ஸ்பிரிங் ஒன்றே காற்றின் தள்ளுதல் முழுவதையும் தாங்குகிறது. நடு அழுத்தம் குறைந்தால் இழுப்பு கனக்கும். ஈடுசெய்த வகையில் பாப்பெட்டின் நடுவே துளை. காற்று பின்னால் உள்ள அறைக்கும் போய் எதிர்ப்பக்கம் தள்ளுவதால் மெல்லிய ஸ்பிரிங் போதும். அதற்கு விலை, கூடுதலாக ஓ-ரிங் என்ற ஒரு சிறு ரப்பர் வளையம். உப்பு காய்ந்து அது இறுகினால் முதல் மூச்சு முரண்டு பிடிக்கும். ஐரோப்பிய ஈஎன் 250 தரம் 50 மீட்டரில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் மூச்சில், லிட்டருக்கு 3 ஜூலுக்குமேல் உழைப்பு கூடாது என்கிறது. தர முத்திரை பெற்ற எதுவும் இந்தச் சோதனையில் தேறியதுதான். வாடகைக்குச் சாதாரண வகையே போதும். சொந்தத்துக்கு என்றால் என் தேர்வு உலோகக் குழல் உள்ள ஈடுசெய்த வகை. மூச்சின் ஈரம் உலோகத்தில் படிவதால் தொண்டை அவ்வளவு வறளாது. கனம் கொஞ்சம் கூடுதல், தாடை வலிக்கிறவர்கள் பிளாஸ்டிக்குக்குப் போகலாம்.

கோம்பான்சேவுக்குச் 'சமநிலை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எடைக் குண்டுகளைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். பிரெஞ்சுக்காரன் சொல்வதே ஈடுசெய்தல்தான்.

மடல் 4 — டர்பனிலிருந்து

வாய்மடை வேண்டாம் ஐயா. படகில் ஒருவர் 'மடை, மடை' என்று கத்தினால் பக்கத்தில் இருப்பவர் தன்னைத் திட்டுவதாக நினைப்பார். அடுத்து யாராவது 'மூச்சுமடை' என்று நீட்டுவீர்கள், அது காதில் 'மூச்சடை' என்று விழும். பாதுகாப்பு அட்டையில் மூச்சடைப்பா? 'காற்றுச் சீராக்கி'யும் ஆகாது, இலங்கையில் வளிச்சீராக்கி என்றால் ஏசி. பேசாமல் 'ரெகுலேட்டர்' என்று எழுதுங்கள். மின்விசிறி ரெகுலேட்டரை யாரும் தமிழாக்கிக் கேட்டதில்லை.

கிராண்ட் பே அன்பருக்கு ஒன்று: உலோகத்தின் பயன் ஈரத்தோடு முடியவில்லை. கேப் டவுனின் அட்லாண்டிக் பக்கம் 10, 12 டிகிரி நீரில், விரிந்து குளிரும் காற்றுக்கு நீரின் வெப்பத்தைக் கடத்திக் கொடுப்பது உலோகம்தான். மொரீஷியஸின் இளஞ்சூட்டு நீரில் அதற்கு வேலையில்லை.

மடல் 5 — ரோஸ் ஹில்லிலிருந்து

மடையைத் திறந்தவன் மடையன் என்று பெயர் வாங்கியதாகச் சொல்வார்கள். வெள்ளத்தில் உயிரைப் பணயம் வைத்து மூழ்கித் திறந்தவன் அவன். முக்குளிப்பவர்கள் அந்தப் பெயரைப் பெருமையாக ஏற்க வேண்டும். மூச்சடைப்பு வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நான் சொன்னது வாய்மடை. 'ரெகுலேட்டர்' என்றால் வாயில் இருப்பதா சிலிண்டரில் இருப்பதா?

மடல் 6 — ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கிலிருந்து

அந்தக் கேள்வி நியாயம். அட்டையில் 'வாயிலிருந்து நழுவினால்' என்று ஒரு பத்தியே உண்டு, பகுதி எது என்று தெரிய வேண்டும். 'வாய்ச்சீராக்கி' என்றால்?

மடல் 7 — ரோஸ் ஹில்லிலிருந்து

வாய்ச்சொல் போல ஒற்று மிகும், புணர்ச்சி சரி. ஆனால் காய்ச்சீர், கனிச்சீர் வரிசையில் வாய்ச்சீர் என்று யாப்பு வாடை அடிக்கிறது. சீர் ஸ்ரீயிலிருந்து வந்தது என்று யாரேனும் கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன், நான் ஏற்கமாட்டேன்.

மடல் 8 — கிராண்ட் பேயிலிருந்து

கிளம்பவில்லை ஐயா. வாய்ச்சீராக்கிக்கு என் ஆதரவு. அட்டையின் மற்ற வரிகளையும் பார்த்தேன், மூன்று இடம் திருத்த வேண்டும்.

'கழுவும்போது நடுப்பொத்தானை அழுத்தவும்' என்றிருக்கிறது. கூடவே கூடாது. காற்றழுத்தம் இல்லாதபோது அழுத்தினால் வால்வு திறந்து, தண்ணீர் ஹோஸ் வழியாக முதல் பகுதிக்குப் போய்விடும். மூச்சிழுப்பின் கனத்தை மாற்றும் இழுப்புத் திருகு உள்ள வகையானால், வைக்கும்போது வெளிப்பக்கமாகத் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். முறுக்கியே வைத்தால் சீட்டில் பள்ளம் விழுந்து, அடுத்தமுறை காற்று நுரைநுரையாகக் கசியும்.

நீருக்குமுன் சோதனை: சிலிண்டரைத் திறக்காமல், ஹோஸ் காலியாக இருக்கும்போது வாயில் வைத்து இழுக்க வேண்டும். காற்று வரக்கூடாது. வந்தால் சவ்வில் ஓட்டை, வாய்க்கவ்வியில் கிழிசல், அல்லது வெளிவிடும் வால்வின் ஓரத்தில் மணல். வாய்க்குள் தண்ணீர் வருகிறது என்ற புகாருக்கும் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றுதான் காரணம்.

மடல் 9 — டர்பனிலிருந்து

சரி, வாய்ச்சீராக்கியே இருக்கட்டும், முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே 'செகண்ட் ஸ்டேஜ்' என்றும் போடுங்கள். மஞ்சள் ஹோஸில் உபரியாகத் தொங்கும் இன்னொரு செகண்ட் ஸ்டேஜ், அந்த ஆக்டோபஸுக்கு என்ன? 'எண்காலி' என்று யாராவது எழுதுமுன் கேட்கிறேன்.

மடல் 10 — ரோஸ் ஹில்லிலிருந்து

எண்காலி எதற்கு, பேய்க்கணவாய் என்ற மீனவர் சொல்லே இருக்கிறதே.

மடல் 11 — ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கிலிருந்து

ஐயா, காற்றில்லாமல் தவிப்பவர் 'பேய்க்கணவாயைக் கொடு' என்று சைகை காட்ட முடியாது. இங்கே ஊரீத் (ஆக்டோபஸ்) என்றால் கறிதான் நினைவுக்கு வரும். 'உதவி வாய்ச்சீராக்கி' என்று போடுகிறேன். வேலையும் அதுதான், துணைக்கு வருபவரிடம் நீட்டுவது. நடுப்பொத்தான், திருகு, சோதனை மூன்றையும் திருத்திவிட்டேன். மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

மடல் 12 — ரோஸ் ஹில்லிலிருந்து

மறுப்பு உண்டு, பதிவாகட்டும். மறுபதிப்பில் வாய்மடை. 'பாப்பெட்'டுக்கு ஒரு சொல் யோசித்திருக்கிறேன், தக்கையின் வேரிலிருந்து தொடங்க வேண்டும்.

மடல் 13 — கிராண்ட் பேயிலிருந்து

பாப்பெட் அட்டையில் வரவில்லை ஐயா.