மறு: பழங்கார் பாகங்களுக்குக் கலைச்சொல்: ‘பிறவிப்பாகம்’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பழங்கார்களைப் பற்றி எழுதும்போது ‘ஒரிஜினல் பார்ட்’ என்பதற்குத் தமிழில் ‘மூலப்பாகம்’ போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘அசல் பாகம்’ என்றே விட்டுவிடலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். புதுக் காருக்கு ஸ்பேர் வாங்கும் கடையில் ‘அசல்’ சரியான சொல்தான். கம்பெனிச் சரக்கா, டூப்ளிகேட்டா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. நூறு வருடம் கடந்த காரில் அதற்கு மேல் இன்னொரு கேள்வி இருக்கிறது: கம்பெனிப் பாகமாகவே இருக்கட்டும், இந்தக் காரோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததா? முதல் கேள்விக்கு ‘ஆம்’, இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வரும் பாகங்கள்தான் பழங்கார்களில் ஏராளம். அவற்றையும் ‘அசல்’ என்று எழுதினால், காசு கொடுத்து வாங்குகிறவருக்கு நாம் பொய் சொல்கிறோம் என்றே அர்த்தம்.

ஆகவே, காரோடு வந்த பாகத்துக்கு மட்டும் தனியாக ஒரு சொல் வேண்டும். ‘பிறவிப்பாகம்’ என்று முன்மொழிகிறேன்.

ஏன் இவ்வளவு கறாராகப் பிரிக்க வேண்டும் என்பதற்கு 1914-ஆம் வருடத்து ஃபோர்டு மாடல் டி ஒன்றைப் பார்ப்போம். ரேடியேட்டரும் விளக்கும் பித்தளையில் பளபளத்த காலம் ஏறத்தாழ 1915-இல் முடிகிறது. இந்தக் கார் அதன் கடைசிக் கட்டம். மாடல் டி 1908-இல் வந்து 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கார்களாகத் தயாரானது. பாகங்கள் வருடம் தாண்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தும். 1920-களின் இன்ஜினைப் பெரிய சிரமமில்லாமல் 1914 சேஸிஸில் (காரின் அடிச்சட்டத்தில்) உட்கார வைத்துவிடலாம். சேஸிஸில் எண் அடிக்கும் வழக்கமும் 1920-களின் நடுவில்தான் வந்தது. அதுவரை இன்ஜின் எண்தான் காரின் எண்.

அந்த எண்ணை இன்ஜின் பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர் நுழையும் வாய்க்கு அருகில் உள்ள சிறு மேட்டில் எண் அச்சு வைத்து அடித்திருப்பார்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. அதே பிளாக்கில் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் மாதம், நாள், வருடம் மூன்றையும் தேடிப் படிக்க வேண்டும். பல அடுக்குப் பெயின்டும் கிரீஸும் மூடியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் மெல்லத் தெரியும். எண் 1914-ஐயும் வார்ப்புத் தேதி 1919-ஐயும் காட்டினால் பிளாக் பின்னால் மாற்றப்பட்டது. உடனே மோசடி என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. மாற்று பிளாக்குகள் எண் இல்லாமல்தான் வந்தன, பழைய எண்ணை அதில் அடித்துக் கொடுப்பது டீலர் வேலை. கம்பெனி பிளாக், காருக்குரிய எண், நேர்மையான வேலை. ஆனாலும் பிறவிப்பாகம் இல்லை. ‘அசல்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

அப்புறம் விளக்குகள். பித்தளைக் கார் என்றதும் எல்லாமே தங்கமாக மின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டு மாற்றிவிடுகிறார்கள். 1914 மாடல் டி-யின் முகப்பு விளக்கு அசிட்டிலீன் வாயுவில் எரிவது. உடல் கறுப்புப் பெயின்ட் அடித்த எஃகு, விளிம்பு மட்டும்தான் பித்தளை. முழுப் பித்தளை விளக்கு அதற்கு முந்தைய வருடங்களுக்கு உரியது. அப்படி ஒன்று 1914 காரில் இருந்தால், அந்த விளக்கு நூறு வருடப் பழையதாகவே இருக்கலாம், ஃபோர்டுக்காகவே செய்ததாகவும் இருக்கலாம். இந்தக் காரில் அதற்கு வேலை இல்லை. சுவடி பதிப்பிக்கிறவர்கள் இதற்கு அழகாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: இடைச்செருகல். பாட்டு பழையதுதான், இந்த நூலுக்கு உரியது அல்ல. அந்தச் சொல்லையே இங்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எச்சரிக்கை. ஃபோர்டு ஒரே ஒரு கம்பெனியிடம் விளக்கு வாங்கவில்லை. ஈ அண்ட் ஜே, விக்டர், கார்கரன், பிரவுன் என்று பலரும் கொடுத்தார்கள். பக்கத்து வண்டியின் விளக்கில் வேறு பெயர் பொறித்திருக்கிறது என்பதற்காக நம் வண்டியில் இருப்பதை இடைச்செருகல் என்று தள்ளிவிடக் கூடாது. இங்கே பெயரை விட மரம் நன்றாகச் சாட்சி சொல்லும். இன்ஜினுக்குப் பின்னால் நிற்கும் மரப்பலகையில், இப்போதுள்ள பக்கவிளக்குத் தாங்கிக்குப் பொருந்தாத பழைய ஸ்க்ரூ துளைகளை மக்கு வைத்து அடைத்திருந்தால், அங்கே முன்பு வேறு ஏதோ இருந்திருக்கிறது. தலையில் கூட்டல் குறி போல வெட்டிய ஸ்டார் ஸ்க்ரூ கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம், அது கார்களுக்கு வந்தது 1930-களில்தான்.

இன்று புதிதாகச் செய்து விற்கும் பாகத்துக்கு ‘நகல் பாகம்’ போதும், அது எல்லோருக்கும் புரியும். அந்தக் காலத்திலேயே செய்து, பெட்டி பிரிக்காமல் கிடந்ததற்குப் ‘பழங்கையிருப்பு’ என்று சொல்லலாம். வருடம் சரி, கம்பெனியும் சரி, வேறு காரிலிருந்து கழற்றியது என்றால் ‘ஒத்தகாலப் பாகம்’. அதை இடைச்செருகலோடு சேர்க்க மாட்டேன், ஏனென்றால் அது காரின் தோற்றத்தைப் பொய்யாக்குவதில்லை.

‘பிறவி’ உயிருள்ளவற்றுக்குத்தானே என்று ஐயா ஒருவர் தனிமடலில் கேட்டார். பட்டறையில் ‘இது வண்டியோட வந்தது’ என்பார்கள். அந்த எண்ணத்தைத்தான் ஒரே சொல்லில் கொண்டுவருகிறேன். ‘மூலப்பாகம்’ என்றால் மூலப்பொருள், மூலக்கூறு என்று வேதியியல் பக்கம் மனம் ஓடிவிடுகிறது.

இந்தச் சிக்கல் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 1990-இல் லண்டனில், ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்ற பந்தய பென்ட்லி மீது வழக்கு. அதில் ஆரம்ப காலப் பாகங்கள் மிகக் குறைவு. வாங்குவதாக ஒப்புக்கொண்டவர், இது அந்தக் காரே இல்லை என்றார். நீதிபதி ஓட்டன் ‘ஒரிஜினல்’, ‘ஜெனுவின்’, ‘ஆதென்டிக்’ மூன்றையும் தனித்தனியாக எடைபோட்டு, முதல் இரண்டும் பொருந்தாது, மூன்றாவது பொருந்தும் என்றார். பாகங்கள் மாறிக்கொண்டே வந்தாலும் காரின் வரலாறு அறுபடவில்லை என்பது காரணம். பித்தளைக் காலக் கார் அல்ல என்றாலும் நமக்கு இது முக்கியம். பிறவிப்பாகம் என்பது பாகத்தைப் பற்றிய சொல்லாகவே இருக்கட்டும். முழுக் காருக்கு ‘தொடர்மரபுக் கார்’ என்று வேறொன்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் குழப்பினால் பாதி பாகம் மாறிய நல்ல கார்களெல்லாம் போலி என்று பெயர் வாங்கிவிடும்.

ரேடியேட்டர் மாதிரி இரண்டு நிலையும் கலந்தவற்றில், வெளிக்கூடு பிறவி, உள்ளே தண்ணீர் ஓடும் குழாய்க் கட்டு நகல் என்று பகுதி பகுதியாகவே எழுதலாம். ஆட்சேபம் உள்ளவர்கள் உதாரணத்தோடு எழுதுங்கள், அகராதிப் பக்கத்தில் சேர்க்கும் முன் பேசி முடித்துவிடலாம்.